வளைவில்லாத எழுத்து

“இதைப் படிக்க முடியலைன்னா உன் கண்ணுலதான் கோளாறு” என்றான் மனைவியிடம், மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றபடி.

தலைக்கு மேலே பெயர்ப்பலகை. பேருக்குக்கூட வளைவு இல்லாத எழுத்து. சுழி இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணம். கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் அம்பு.

அவன் வரைந்த ஃபான்ட். நூறு வருஷம் கழித்து மனிதர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்லி விற்றது. விண்வெளிப் படத்தின் டைட்டில், வீடியோ கேம், ஜிம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, போர்டு எழுதுகிறவர் ஒருவர் மூலம் போன மாதம் இந்தக் கடைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அவன் மனைவி பஸ் டிரைவர். தினமும் இந்தப் பலகையைத் தாண்டித்தான் வண்டி போகும். ஜன்னலில் அடுக்கியிருந்த ஃபிரேம்களைப் பார்த்துத்தான் இது என்ன கடை என்றே அவளுக்குத் தெரிந்தது.

முதலில் சிரித்தாள். அவன் திரும்பத் திரும்ப “கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டு” என்றதும் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பார்வை குறை என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

உள்ளே பெஞ்சில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

முறை வந்ததும் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தாள். அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தாள்.

“கழுகுக் கண்ணு மேடம் உங்களுக்கு. எதுக்கு வந்தீங்க?”

“உங்க போர்டைப் படிக்க முடியலை.”

கண்ணாடிக்கடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பாதிப் பேர் அதுக்குத்தான் வர்றாங்க! பழைய போர்டு இருந்தவரைக்கும் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். இதை வரைஞ்ச புண்ணியவான் மட்டும் கையில கிடைச்சா கும்பிடுவேன்.”

அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் விறைப்பாகச் சொன்னான். “எனக்கு நல்லாப் படிக்க வருதே.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. “நிஜமாவா? நீங்கதான் சார் முதல் ஆள். எதுக்கும் இப்படி உட்காருங்க, உங்க கண்ணையும் பார்த்துடலாம்.”

மூன்றாவது வரியில் அவன் நின்றுவிட்டான்.

கம்ப்யூட்டருக்கு ஒரு முழம் தள்ளி எதையும் பார்த்துப் பழகாத ஆள். வட்ட வட்டமான சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் சொருகினார் கடைக்காரர்.

“இதோட வெளியே போய், தூரத்துல தெரியுதான்னு பார்த்துட்டு வாங்க.”

வாசலுக்கு வந்தான். எதிர்ச் சுவரில் ஆணி தெரிந்தது. திருப்பத்தில் வரும் பஸ்ஸின் எண் தெரிந்தது. பக்கத்தில் வந்து நின்ற மனைவியின் உதட்டோரச் சிரிப்பும் துல்லியமாகத் தெரிந்தது.

“எங்க, படிங்க பார்ப்போம்” என்றாள், பலகையைக் காட்டி.

நிமிர்ந்தான். ஒவ்வொரு கூரும் ஒவ்வொரு முனையும் அத்தனை தெளிவு.

ஆனால் ஓர் எழுத்துகூட இன்னதென்று பிடிபடவில்லை.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடகடவென்று படித்துக் காட்டினான்.