ஐந்தாவது பஸ்

இதை நான் கண்ணால் காணவில்லை. சுமித்திரா தன்னோடு படிப்பிக்கிற சாரங்காவுக்குச் சொல்லி, சாரங்கா எனக்குச் சொன்னது. இரண்டு வாய் மாறி வந்த கதை என்பதால் ஒரு விசயத்தை மட்டும் பிறகு நானே போய் விசாரித்தேன்.

சுமித்திரா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்தவள். செட்டிகுளம் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ரீச்சர். அவள் பட்டம் பெற்றபோது அப்பா மாயாண்டி, கூலி வேலைக்குப் போன வயலெல்லாம், "எம் மக கண்ணுக்குத் தெரியாத கிருமியெல்லாம் படிச்சிருக்கா" என்று சொல்லித் திரிந்தார்.

ஆனால் அவள், "கிணத்துத் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்கப்பா" என்றால் மட்டும் கேட்கமாட்டார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சதுக்குப் பயந்தே பாதி ஆயுசு போச்சு. தெரியாததுக்கு வேறயா?"

போன வருடம் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு மாணவர் படையணி தொடங்க அனுமதி வந்தது. அதை நடத்துகிற ஆசிரியர் ஒரு மாத அதிகாரிப் பயிற்சி முடிக்க வேண்டும். ரீச்சர்மார் ஆளையாள் பார்த்தார்கள். சுமித்திரா கையைத் தூக்கினாள்.

"காக்கி உடுப்பா?" என்று கேட்டார் மாயாண்டி. அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை.

பயிற்சி முகாமில் விடியற்காலை ஓட்டம், உச்சி வெயிலில் அணிநடை. கால் கொப்பளித்தவர்களை எல்லாம், "உடைக்க வேண்டாம், கிருமி உள்ளே போகும்" என்று தடுத்துத் தடுத்து, முகாமில் அவளுக்கு 'பக்டீரியா மிஸ்' என்று பெயர் விழுந்தது. அவளுடைய குதிகாலிலேயே இரண்டு கொப்புளம்.

ஒவ்வொரு நாளும் போன் எடுத்தது அம்மா வடிவம்மாதான்.

"அப்பா?"

"இந்தா, பக்கத்துலதான் குந்தியிருக்காரு. குடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு."

பயிற்சி முடிந்து, தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு வவுனியாவுக்கு வந்து இறங்கினாள். பையில் சேலை இருந்தது. மாற்றிக்கொண்டு போவோமா என்று யோசித்தாள். ஒளித்து வைக்க வேண்டிய உடுப்பு என்றால் ஏன் இவ்வளவு பாடுபட்டுப் போட்டேன்? மாற்றவில்லை. ஆனால் இதோடு வாசலில் போய் நின்றால் அப்பா முகம் கொடுப்பாரா?

வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா வேலைக்குப் போயிட்டாரு, புள்ள," என்றாள் அம்மா.

செட்டிகுளம் பஸ் வெளிக்கிடுகிற நேரம் ஓடிப்போய் ஏறினாள். சனம் நிறைந்திருந்தது. காக்கியைக் கண்டதும் பஸ்ஸுக்குள் கதை நின்றது.

மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக இருந்த மனிதர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டென்று எழும்பினார்.

மாயாண்டி.

அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இருக்கையை விட்டு வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இருங்கோ!" என்றான் பின்னாலிருந்து ஒரு பெடியன். "இப்ப காக்கியைக் கண்டு ஒருத்தரும் எழும்பத் தேவையில்லை. இன்னும் பயம் போகேல்லையோ?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்பா என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டு, அவர் திரும்பாமல் விட்டால்? அவளும் நின்றாள். இருக்கை வெறுமையாகக் கிடந்தது.

"மிஸ், இருக்கிறதெண்டா இருங்கோ," என்றான் கொண்டக்டர் கோகுலன். "இல்லாட்டி நான் இருக்கப்போறன்."

இருந்தாள்.

"வயசான மனுசனை எழுப்பிப்போட்டு இருக்கிறாவே, பார்," என்று முன் இருக்கை மனுசி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது நன்றாகக் கேட்டது.

முக்கால் மணித்தியாலம். குலுங்குகிற பஸ்ஸில் அப்பா நின்றுகொண்டே வந்தார். என்னுடைய உடுப்புக்கு முன்னால் அப்பாவை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்பதுதான் அவளுக்குக் கொப்புளத்தை விட எரிந்தது.

செட்டிகுளத்தில் இறங்கியதும் மாயாண்டி அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டார். பஸ் போகும்வரை பொறுத்திருந்து அவள் கேட்டாள்.

"ஏம்ப்பா எந்திரிச்சீங்க? என்னையப் பாத்துமா பயம்?"

அவர் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

"தேயிலைத் தோட்டத்துல தொரை வந்தா எந்திரிச்சேன். இங்க வந்து செக்பொயின்ட்ல எந்திரிச்சேன். அகதி முகாம்ல எந்திரிச்சேன். எல்லாம் எவனாச்சும் எந்திரிடான்னு சொல்லித்தான்."

நின்று, முதல் தடவையாக அவளுடைய தோளிலிருந்த நட்சத்திரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரும் சொல்லல."

பிறகு தன் துணிப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார்.

"குடி. பத்து நிமிசம் கொதிச்ச தண்ணி. நீ போன நாள்லேருந்து அதத்தான் குடிக்கிறேன்."

இவ்வளவும்தான் சாரங்கா சொன்னது. எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. செட்டிகுளத்தில் வேலைக்குப் போனதாக வடிவம்மா சொன்ன மனிதர் எப்படி வவுனியா பஸ்ஸில் இருந்தார்?

பஸ் நிலையத்து ரைம் கீப்பர் கனகலிங்கத்திடம் கேட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அந்த மனுசனோ? காலமை ஆறரைக்கே வந்திட்டார். செட்டிகுளம் பஸ் வந்து நிண்டவுடன முதல் ஆளா ஏறி ஜன்னல் ஓரம் இருப்பார். பஸ் வெளிக்கிடேக்க இறங்கிடுவார். இதென்ன விளையாட்டு ஐயா எண்டு கேட்டன். 'மகளுக்குக் காலெல்லாம் கொப்புளங்க. நின்னுக்கிட்டு வரக்கூடாது' எண்டார்."

அப்படி நாலு பஸ். சுமித்திரா ஏறியது ஐந்தாவது.