ஐஸ் கிட்டங்கியில் ஒரு நாய்

“துரை கேட்டா, தேறிடும்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுக்கும் வாயைத் திறக்க வேண்டாம்” என்றாள் தனபாக்கியம்.

செல்லக்கண்ணு குனிந்து நாயைப் பார்த்தான். ஐஸ் பாளங்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் மரத்தூள் தரையில் அந்த நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. ஓநாய் முகம், கம்பளி போர்த்தியதுபோல் உடம்பெல்லாம் சாம்பல் ரோமம். அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கே மூச்சு முட்டியது.

தென் துருவத்துப் பனியில் வண்டி இழுக்க, வடக்கே எங்கோ உறைபனி நாட்டிலிருந்து நாய்களை ஏற்றி வந்த கப்பல், வழியில் இயந்திரம் பழுதாகி ரங்கூன் ஆற்றுக்குள் வந்து நின்றிருந்தது. மழை ஓய்ந்த ஐப்பசிப் புழுக்கம். மற்ற நாய்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. இது மட்டும் சுருண்டு விழுந்துவிட்டது. ஊரிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று விசாரித்து, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் துரை அதைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு, அலோன் பேட்டையில் ஆற்றங்கரையோரம் இருந்த இந்தக் கிட்டங்கிக்கு வந்தார்.

செல்லக்கண்ணு இங்கே காவல்காரன். பின்பக்கத்து ஒற்றை அறையில்தான் அவனும் மனைவி தனபாக்கியமும் குடியிருந்தார்கள். நாய் வந்த அன்றே மேஸ்திரி ரெங்கசாமி, அது செத்தால் வேலையும் கிடையாது, அறையும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தத் துரைமார்கள் உதவாத நாயை நின்ற இடத்திலேயே சுட்டுவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

துரை தினமும் வந்தார். ஒல்லியான, செம்பட்டைத் தாடிக்காரர், இடுப்பில் துப்பாக்கி. கூடவே அவர் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல துபாசி அமீர் அலி. கப்பல் கேப்டன் அனுப்பிய ஆள் ஒருவன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். துரை மண்டியிட்டு, நாயின் காதை மடித்துப் பார்த்து, தேறுமா என்று கேட்பார். தேறிவிடும் என்பான் செல்லக்கண்ணு. அதைக் கேட்டதும் துரையின் முகம் இறுகிப்போகும். எழுந்து போய்விடுவார்.

“நம்ம பேச்சை அவர் நம்பலை” என்றான் செல்லக்கண்ணு.

நாயின் நிலைமை இன்னும் மோசமானது. கப்பலிலிருந்து வந்த இறைச்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தனபாக்கியம் ஐஸை உடைத்துச் சாக்கில் சுற்றி அதன் வயிற்றுக்கடியில் வைத்தாள். விரலை நனைத்து நனைத்து அதன் வாயில் தடவினாள். அது கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தது.

அன்று துரை வெகுநேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

“பயப்படாம உண்மையைச் சொல்லச் சொல்றார்” என்றார் அமீர் அலி. “இது தேறாதுன்னு உனக்குப் பட்டா, இப்பவே சொல்லிடணுமாம்.”

துரையின் கை இடுப்பு வாரில் இருந்தது. செல்லக்கண்ணு அந்தக் கையையே பார்த்தான்.

“தேறிடும் துரை. நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை. காலையில எழுந்து நாலடி நடந்துச்சு.”

நடக்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. துரை அவன் முகத்தையே பார்த்து, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார். அவனும் அதே பொய்யைச் சொன்னான். துரை தொப்பியை முழங்காலில் ஓங்கி அடித்துக்கொண்டு, நாயைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்.

அன்று சாயங்காலம் தனபாக்கியம் கருவாடு சுட்டாள். நாயின் மூக்கு அசைந்தது. ஒரு துண்டைக் கிள்ளி வைத்தாள். நக்கியது; பிறகு மென்றது. அவள் தன் பங்கு முழுவதையும் அதற்கே போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அது எழுந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனது. அவள் உட்கார்ந்தால் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

கப்பல் சரியாகிவிட்டது. துரை நாயை அழைத்துப்போக வந்தபோது மேஸ்திரியும் வந்திருந்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு துரையின் மேல் தாவியது. கேப்டனின் ஆள் அதைத் தட்டிக்கொடுத்து, பலே என்பதுபோல் தலையசைத்தான். மேஸ்திரி செல்லக்கண்ணுவின் முதுகில் தட்டினார். துரை மட்டும் சிரிக்கவே இல்லை. நாய்க்கு வாரை மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டினார். வாசல் தாண்டும்போது நாய் நின்று தனபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தது. வாரை இழுத்ததும் போய்விட்டது.

வேலை தப்பியது, அறை தப்பியது. ஆனாலும் செல்லக்கண்ணுவுக்கு மனசு ஆறவில்லை. கப்பலை வழியனுப்பிவிட்டு வந்த அமீர் அலியிடம், நாய் பிழைத்த பிறகும் துரைக்குத் தன்மேல் என்ன கோபம் என்று கேட்டான்.

அமீர் அலி அங்கிருந்த சாக்கின்மேல் உட்கார்ந்தார். செல்லக்கண்ணுவின் முகத்தையோ, பக்கத்தில் நின்ற தனபாக்கியத்தின் முகத்தையோ பார்க்கவில்லை.

“கோவம் இல்லை, தம்பி. இப்பத்தான் கப்பல்ல என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். பனிக்குள்ள போனப்புறம் தீனி குறையக் குறைய, ஒவ்வொரு நாயாச் சுட்டு மத்த நாய்ங்களுக்குப் போடுவாங்களாம். இது அவர் குட்டியிலேருந்து கையில வளர்த்தது. கேப்டனோட ஆள் பக்கத்துல நிக்கும்போது வாய்விட்டுச் சொல்ல முடியலை. நீ ஒரே ஒரு தடவை தேறாதுன்னு சொல்லியிருந்தா, அதை உங்ககிட்டயே விட்டுட்டுப் போயிருப்பாராம்.”