பேசாதவரைப் பேச வைத்தல்

அந்தப் புதன்கிழமை நடத்துவது என் முறை. பேசாதவரைப் பேச வைக்க வேண்டும். அதுதான் எனக்கு வந்த பயிற்சி.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் வாயாடிகள். எட்டாவது ஆள் அல்போன்சம்மா.

கூட்டம் நடத்தப் பழகுகிறவர்களின் குழு எங்களுடையது. நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு சமூக நிலையத்தின் மாடி அறையில் வாரம் ஒரு மாலை கூடுவோம். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து பங்கெடுப்பார்கள். முடிந்ததும் எங்கே சறுக்கினோம் என்று லூசி சொல்வார். லூசி ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாம் பிரெஞ்சில்தான். திருச்சியிலிருந்து படிக்க வந்த எனக்கு, அந்த மொழியையும் அங்கேதான் கொஞ்சம் பழக முடிந்தது.

அல்போன்சம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. அக்டோபரில் ஒரு நாள் தானாக வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றமாட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் அவர் முகத்தையே பார்ப்பார். நகரின் மறுகோடியில் இருக்கும் லாசாலிலிருந்து மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்து வருகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆறு வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

"தமிழிலேயே கேள்," என்றார் லூசி. "கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. அதுதான் கஷ்டம்."

நாற்காலியை அல்போன்சம்மா பக்கம் திருப்பினேன்.

"நீங்க எதுக்காக இங்க வர்றீங்க ஆன்ட்டி?"

ஹீட்டர் மட்டும் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது, விழுங்கினேன்.

"என்ர மகள் இஞ்ச வந்தவள்," என்றார். "றொஷினி."

றொஷினியை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜனவரியிலிருந்து எங்களோடு இருந்தவள். அக்டோபரில், இனிப் புதன்கிழமைகளில் முடியாது என்று லூசிக்கு ஒரு வரி எழுதி நின்றுவிட்டாள். இவர் அவளுடைய அம்மா என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"நான் சமைச்சுக்கொண்டு நிக்கேக்க வந்து, 'அம்மா, ஒரு விசயம்' எண்டவள். நான் விடேல்ல, பிள்ளை. மூண்டு தரம் தொடங்கினவள். மூண்டு தரமும் மிச்சத்தை நானே சொல்லி முடிச்சுப்போட்டன். படிப்பை விடப்போறியோ, ஆரும் பெடியனோ, காசு வேணுமோ எண்டு. அடுத்த கிழமை பெட்டியோட வீட்டை விட்டுப் போயிட்டாள்."

கைப்பையின் வாரை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டார்.

"என்ன விசயமெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

நான் லூசியைப் பார்த்தேன். லூசிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அவளின்ர அறையில இந்த இடத்தின்ர கடதாசி கிடந்தது. இஞ்ச ஆளாளுக்குக் கதைக்க விடுவினமாம். இஞ்ச சொன்னவளோ, பிள்ளை, அந்த விசயத்தை?"

"ஆமா ஆன்ட்டி," என்றேன். "சொன்னாங்க."

அடுத்து, என்ன சொன்னாள் என்று கேட்பார். இங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அதைச் சொல்லி எப்படி நோகாமல் தட்டிக்கழிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் அதைக் கேட்கவில்லை.

"சொல்லேக்க ஆரும் குறுக்க கதைச்சவையோ?"

"இல்ல. யாருமே பேசல."

"எவ்வளவு நேரம் விட்டவை?"

"இருபது நிமிஷம்."

"இருபது நிமிசம்," என்றார். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. லூசி சொன்னதை மறந்து, வாயைத் திறந்துவிட்டேன். "கண்டிப்பா ஒரு நாள் இங்க வருவாங்க ஆன்ட்டி. அப்ப பேசலாம்."

"வரமாட்டாள். நான் முதல் நாள் வந்து இருந்தனானெல்லே, அண்டைக்கே கதவுக் கண்ணாடியால என்னைக் கண்டிட்டுத் திரும்பிப் போனவள். நானும் கண்டனான்."

நான் திரும்பிக் கதவுக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"நான் அவளைப் பாக்க வாறேல்ல. பழக வாறன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதைப் பாத்துப் பழகிறன். பிஸ்கட் பக்டரியில எனக்குப் பக்கத்தில ஒரு பிலிப்பினோ பெட்டை நிக்கிறாள். அவள் கதைக்கேக்க இப்ப நான் ஒண்டும் சொல்றேல்ல. அவள் கதைச்சு முடிக்கும் வரைக்கும் நிப்பன்."

பிறகு கைப்பையை நேராக வைத்துக்கொண்டு, தன் முறை முடிந்தது என்பதுபோல் லூசியைப் பார்த்துத் தலையசைத்தார்.

மொழிபெயர்க்கச் சொன்னார்கள். தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டதையும், 'ஆமா, சொன்னாங்க' என்று நான் பதில் சொன்னதையும். அந்த இடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அல்போன்சம்மா மட்டும் நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வருஷம் ஏப்ரலில், றொஷினி இன்னும் எங்களோடு இருந்தபோது, அந்த அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அன்றைக்குக் கேட்கும் பயிற்சி. ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. றொஷினி நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். என்னிடம்கூட பிரெஞ்சில் மட்டுமே பேசுகிறவள், தமிழில் ஆரம்பித்தாள்.

"அம்மா," என்றாள்.

அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. தன் கைகளைப் பார்த்தபடியே இருந்தாள். நாங்கள் காத்திருந்தோம். இருபது நிமிடம் ஆனதும் லூசி மெதுவாக அவள் தோளைத் தொட்டார். அவள் எழுந்துகொண்டாள். அடுத்தவர் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.