கார்னெட்டின் வயிற்றில் கிடந்தவை

பாறைகளின் பழைய வரலாற்றைப் படிக்கிறவர்கள் ஒரு துண்டை ரம்பத்துக்கடியில் வைத்தார்கள். உள்ளே கார்னெட் என்ற சிவப்புக் கல்மணி ஒன்று பதிந்திருந்தது.

சுற்றிலும் ஒரே திசையில் படுத்திருந்த காக்காப்பொன் தகடுகள் அதட்டின: "பூமி நம்மளை நெருக்கினது ஒரே தடவைதான். அப்பவே இப்படிப் படுத்துட்டோம்னுதான் சொல்லணும். முன்னாடி வேற பக்கம் படுத்திருந்தோம்னு தெரிஞ்சா மானம் போயிடும். வாயைத் திறக்காதே!"

"திறக்க மாட்டேன் அக்கா," என்றது கார்னெட்.

ஆனால் முதல் நெருக்கலின் சூட்டில் வளர்ந்தபோது அது சில குட்டித் தகடுகளை விழுங்கியிருந்தது. இரண்டாவது நெருக்கலில் வெளியே எல்லாரும் புரண்டபோதும், அவை வயிற்றுக்குள் பழையபடியே குறுக்காகக் கிடந்தன.

ரம்பம் இறங்கியது. கார்னெட் பல்லைக் கடித்துக்கொண்டது; கடைசிவரை வாய் திறக்கவில்லை. வயிறுதான் திறந்தது.

வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு குட்டித் தகடு ஒன்று கேட்டது: "அக்கா, நீங்கல்லாம் எப்போ திரும்பிப் படுத்தீங்க?"