மஞ்சள் கிளிப் மாட்டிய பை

அன்று மழை பெய்ததா என்று யோரிகோவுக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. ஒசாகாவில் ஜூன் மாதம்; பெய்திருக்கத்தான் வேண்டும். அவள் நினைவில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருக்கின்றன.

மாமியார் குமே குனிந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். ஒகோனோமியாகி மாவுப் பையை வெளியே எடுத்தாள். கோஸ் நறுக்கிப் போட்டு, அடைபோலக் கனமாக வார்ப்பதற்கென்று எல்லாம் கலந்து விற்கிற மாவு. பையின் வாயைச் சுருட்டி, துணிக்குப் போடும் மஞ்சள் கிளிப் மாட்டியிருந்தது.

அதே பை. பிரித்து மாதக்கணக்காகிறது.

யோரிகோ தட்டுகளை வைத்தாள். கைபேசியைத் தன் தட்டருகே, கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டாள்.

இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து மழைக்காலம் தோறும் அவளுக்கு மூச்சு முட்டியது. உதடு அரிக்கும். உள்ளங்கை சிவக்கும். பிறகு யாரோ நெஞ்சை ஈரத்துணிபோல முறுக்கிப் பிழிவார்கள். முந்தைய வருடம் ஆம்புலன்ஸ் வந்தது.

குமே வீட்டையே புரட்டிப் போட்டாள். சுவர்ப் பூஞ்சையைச் சுரண்டினாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். ஆசையாக வளர்த்த பூனையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள்.

“சுவரை இன்னும் கொஞ்சம் தேய்ங்கம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சமைக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும்,” என்றான் மகன் தகாவோ.

குமே கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருக்கலாம்.

யோரிகோ மடித்துவைத்த துண்டைக் குமே எடுத்து மறுபடி மடிப்பாள். யாராவது யோரிகோவைக் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்வாள். ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, அவள் முன்னால் வைத்துவிட்டுத் தின்னும்வரை நிற்பாள்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

மூச்சு முட்டுகிறது என்று சொல்லலாம்.

தெருமுனை டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். வீட்டின்மேல் குற்றமில்லை, மாவின்மேல்தான் என்றார். பிரித்த பையை அப்படியே வைத்தால் ஈரக்காற்றில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகும். சுட்டாலும் அதன் கேடு போகாது. இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தமுறை உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைச் சிரிக்காமல் சொன்னார்.

யோரிகோ வீட்டுக்கு வந்து, இந்த வீட்டின் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லையாம் என்றாள்.

தகாவோ ஒரே மகன். ஆனாலும், இன்னொரு முறை வந்தால் வேறு வீடு போவோம் என்றான். பீவா ஏரிக்கரையில் ஓர் இடம் பார்த்தும் வைத்தான். நான்காம் மாடி. காற்று வரும்.

ஒரே ஒரு முறை.

சூட்டுத்தட்டில் மாவு சீறியது. குமே திருப்பிப் போட்டாள், துண்டாக்கினாள், முதல் துண்டை மருமகள் தட்டில் வைத்தாள்.

யோரிகோ சாப்பிட்டாள். காத்திருந்தாள்.

தானே கேட்டு வாங்கி இன்னொன்றும் சாப்பிட்டாள்.

உதட்டில் சாஸின் இனிப்பு மட்டும் இருந்தது. உள்ளங்கையை மேசைக்கடியில் விரித்துப் பார்த்தாள். வெளுப்பாக இருந்தது. மூச்சு தன்பாட்டுக்கு உள்ளே போய் வெளியே வந்தது.

இந்த வருடம் தேவலை போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டு தகாவோ பேஸ்பால் பார்க்க எழுந்துபோனான். அவன் குரலில் இருந்தது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தொட்டியருகே குமே கழுவினாள். யோரிகோ துடைத்தாள்.

“பைதான் பழசு,” என்றாள் குமே, திரும்பாமல். “மாவு நேத்து வாங்கினது.”

யோரிகோவின் கை நின்றது.

“பிரஷர் மாத்திரைக்கு நானும் அந்த டாக்டர்கிட்டதானே போறேன். மாவை ஃபிரிட்ஜுல வைக்க ஆரம்பிச்சீங்களான்னு கேட்டார். தெரிஞ்சும் நீ தட்டை நீட்டுறியான்னு பார்த்தேன்.”

குழாயை மூடினாள்.

“தகாவோகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

யோரிகோவின் கையிலிருந்த துண்டை வாங்கி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்து, அவள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

ஏரிக்கரை வீட்டுக்கு வேறு யாரோ குடிபோனார்கள். பூனை திரும்பி வந்து, கிழடாகி, செத்தது. தகாவோ வேலையிலிருந்து ஓய்வுபெற்றான். குமே தொண்ணூறைத் தாண்டி ஒரு வசந்தகாலத்தில் தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தாள். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

யோரிகோ அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாவு ஃபிரிட்ஜின் மேல்தட்டில், இறுகிய மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. அதன் பிறகு ஒருமுறைகூட அவளுக்கு மூச்சு முட்டவில்லை.