வியாழன், மூன்று ஐம்பத்தெட்டு

"நாலு மணிக்கு இன்னிக்குத் தபால் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா உன் கேஸை நீயே வச்சுப் படிச்சுக்க வேண்டியதுதான், பிக்கெட்." காவலர் ஹட்சன் தபால் வண்டியைக் கம்பிக் கதவருகே நிறுத்தினார்.

ஹோரஸ் பிக்கெட் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி, ஒற்றைக் காலில் எழுந்து, தடித்த உறையை நீட்டினார். "கையெழுத்து, தேதி, நேரம். மூணும் ரசீதுல வேணும், சார்."

"வியாழன், மார்ச் பதினாலு, மூணு அம்பத்தெட்டு. போதுமா? முத்தம் கித்தம் வேணுமா?"

கால் போய் அன்றோடு சரியாக இரண்டு வருஷம். காலில் வந்த புண்ணை ஏழு வாரம் எட்டிப் பார்க்காத சிறை டாக்டரின் பெயரை வழக்கில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். தாண்டினால் அந்த ஆளை எந்தக் கோர்ட்டும் கூண்டில் ஏற்றாது.

"கோர்ட்டுக்குப் போய்ச் சேர நாலு நாள் ஆகுமே," என்றார் ஹோரஸ்.

அறைத்தோழன் டிலானோ மேல்கட்டிலிலிருந்து தலையை நீட்டினான். "எத்தனை தடவை சொல்றது, பெருசு? காவலர் கையில குடுத்த நேரம்தான் கோர்ட்டுல குடுத்த நேரம். வக்கீல் இல்லாத நாதியத்தவனுக்குன்னு இருக்குற ஒரே சலுகை. வக்கீல் இருக்கறவனுக்கு அதுவும் கிடையாது, அவனோட ஆளுதான் நாளுக்குள்ள கோர்ட்டுல சேர்க்கணும்."

வக்கீல் கேட்டு ஹோரஸ் ஒன்பது மனு போட்டிருந்தார். எட்டைத் தள்ளிவிட்டார்கள். ஒன்பதாவதுக்குப் பதிலே இல்லை.

"உனக்கும் கோர்ட்டுலேருந்து ஒண்ணு வந்திருக்கு," என்றார் ஹட்சன். "பிரிச்சுப் பார்த்து நாளைக்குத்தான் தருவாங்க." வண்டி உருண்டு போனது.

மறுநாள் கைக்கு வந்த தாளில், 'இவருக்கு வக்கீலாக சீலியா பார்லோவை நியமிக்கிறோம்' என்றிருந்தது. ஹோரஸ் அந்தப் பெயரை மட்டும் நாலு தடவை படித்தார். டிலானோ பதுக்கி வைத்திருந்த இரண்டு நூடுல்ஸ் பொட்டலங்களைப் பிரித்து, மேலே சிப்ஸை நொறுக்கிப் போட்டுக் கொடுத்தான்.

"சாப்பிடு பெருசு. இனி நீ நாதியத்தவன் இல்ல."

மே மாதக் கடைசியில் பார்லோ சிறைக்கு வந்தார். பார்வையாளர் அறையில் உட்கார்ந்தவர் கோப்பைத் திறக்கவே இல்லை.

"டாக்டரை வழக்குலேருந்து விடுவிச்சுட்டாங்க, மிஸ்டர் பிக்கெட். நாள் தாண்டிடுச்சுன்னு தீர்ப்பு."

"எப்படித் தாண்டும், மேடம்?" ஹோரஸ் சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். "ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சே. வக்கீல் இல்லாதவனுக்குக் காவலர் கையெழுத்தே போதும்ல?"

"போதும். வக்கீல் இல்லாதவங்களுக்கு." பார்லோ ரசீதைத் தொடவில்லை. "என் மேசைக்கு உத்தரவு வந்தப்பவே தேதி பதினெட்டு. நான் என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லுங்க."

"உங்க மேல எனக்கென்ன வருத்தம்? நான் குடுத்தது அதுக்கும் முன்னாடி. வியாழக்கிழமை எனக்கு ஏது வக்கீல்?"

பார்லோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீதிபதி என்னை நியமிச்சது அதுக்கு மூணு நாள் முன்னாடி, திங்கட்கிழமை."