என்ஜின் பிறந்த மாதம்

"இந்த மாதிரி என்ஜின் மொத்தமே ஆயிரத்து இருநூறுதான் செஞ்சாங்க, தெரியுமா?" என்று கல்யாணமான வாரத்தில் சபேசன் பெருமைப்பட்டான். "என்னை மாதிரி எத்தனை பேரைச் செஞ்சாங்களாம்?" என்று கேட்டாள் வத்சலா. அவன் சிரித்துவிட்டுப் பழைய காருக்குள் குனிந்துகொண்டான். பதினெட்டு வருடமாக, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அந்த இங்கிலீஷ் என்ஜின் ரகத்தின் வரலாற்றை எழுதுகிறான். எந்த மாதம் இரும்பு போய் அலுமினியம் வந்தது என்பதெல்லாம் மனப்பாடம். அவள் தலையில் நரை எப்போது வந்தது என்று கேட்டால் விழிப்பான். இன்றும் ஷெட்டில் அவள்தான் டார்ச் பிடித்தாள். புதிதாகக் கிடைத்த அதே ரக என்ஜினில், செய்த மாதத்தைக் காட்டும் எண் தெளிவாகத் தெரிய அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்து, விரலால் மெல்லத் தடவினான். அவளுக்கு வயிறு எரிந்தது. "முப்பத்தஞ்சு மார்ச்சுல பொறந்திருக்கா, வத்சு!" அவள் வெளிச்சத்தைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். "என்னைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதுங்களேன்."